நாலாவது பெட்டியில் இருந்தது

உ
விராலிமலை முருகன் துணை

பங்குனி 9

தம்பி எழிலரசனுக்கு அக்கா செல்வராணி எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் வீட்டு முற்றத்தில் உன் நாலாவது பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான். உன் மச்சான். பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய உன் ஆள் ரகுநாத். முற்றத்து ஓரத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த செவந்தி, அதாவது பழைய பூசாரி மூக்கன் பெண்சாதி. ஆக நாலு பேர். ரகுநாத்தின் டிரைவர் வாசலில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார், அவரைச் சேர்க்கவில்லை. ஊரே கூடி நின்றது என்றோ, யாருமே பார்க்கவில்லை என்றோ ரகுநாத் உன்னிடம் சொல்லியிருந்தால் அது பொய். இந்த நாலு பேர்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். நான் மூன்று வாக்கியம் பேசி முடிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால் இலுப்பூரில் ரிஜிஸ்டர் தபாலாகப் போடுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். கம்மாயில் தண்ணீர் பாதிக்கு இறங்கிவிட்டது. உன் மச்சானுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதைக் கொண்டாடக் கடையிலேயே உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்கிறார். சுகுணாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று எழுது. போன மாதம் கொடுத்துவிட்ட எண்ணெயைத் தேய்த்தாளா, அலமாரியில் வைத்தாளா.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் முதல் பெட்டி வந்து ஆறு வருஷம் ஆகிறது. உன் ஃபிளாட்டில் இடமில்லை, சுகுணாவுக்கு வெண்கலக் களிம்பு வாடை ஆகவில்லை, ஆகையால் அக்கா வீட்டுப் பரண். நானும் வாங்கி வைத்தேன். பழங்காலத்து ஆயுதமும் வேலைப்பாடு உள்ள உலோகச் சாமானும் சேகரிக்கிறவன் என்று நீ கார்டு அடித்து வைத்திருக்கிறாய். அதில் உன் பெயருக்குக் கீழே இங்கிலீஷில் மூன்று வரி இருக்கிறது. எனக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு, மிச்சமெல்லாம் பஞ்சாங்கத்திலும் பேப்பரிலும் எழுத்துக்கூட்டிப் படித்தது, அதனால் அந்த மூன்று வரி எனக்குப் புரியவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருப்பது எனக்குப் புரியும். வெண்கலத்தையும் பித்தளையையும் நாற்பது வருஷமாகத் துலக்குகிற கை இது.

ஒவ்வொரு சாமான் வரும்போதும் நீ போனில் ஒரு நூற்றாண்டு சொல்வாய். நான் அதை, வீட்டுச் சாமான் கணக்கு எழுதுகிற பாத்திர நோட்டில் பேனாவால் எழுதி, பக்கத்திலேயே என் அபிப்பிராயத்தைப் பென்சிலால் எழுதுவேன். நீ பார்த்ததில்லை, இப்போது பார்த்துக்கொள். ‘வெண்கலக் குத்துவாள் 1. பதினைந்தாம் நூற்றாண்டாம். தேங்காய் நாரைக்கூட அறுக்காது.’ ‘யாளி முகக் கைப்பிடி 2. முகம் அம்சமாக இருக்கிறது. எதற்குக் கைப்பிடி என்று வாங்கினவனுக்கே தெரியவில்லை.’ ‘கிளி உட்கார்ந்த கொக்கி 1. விளக்கும் இல்லை, சங்கிலியும் இல்லை, கிளி மட்டும் இருக்கிறது.’ ‘கோடாரித் தலை 1, உள்ளங்கை அளவு. பொம்மையா என்று கேட்டேன், கோபித்துக்கொண்டான்.’

நாலாவது பெட்டி வந்தது போன வருஷத்துக்கு முந்தின தை மாதம். ஆணி அடித்து வந்தது. காற்றுப் பட்டால் மேலே படிந்த பச்சைக் களிம்பு போய்விடும், திறக்காதே என்றாய். ‘பெட்டி 4, திறக்கவில்லை’ என்று எழுதிப் பரணில் ஏற்றினோம். சமையற்கட்டுக்கு மேலே, முறுக்குச் சட்டிக்குப் பக்கத்தில்.

இப்போது ரகுநாத் ஒரு தாள் கொண்டுவந்தார். பதினாலு சாமான் டைப் அடித்திருந்தது. எல்லாவற்றையும் அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டுமாம். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களாம். பரம்பரையாக வீட்டில் இருந்தது என்று காட்டிவிட்டால் மேற்கொண்டு கேள்வி வராதாம். அதற்கு என் பழைய பாத்திர நோட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காதாம். ‘எண்பத்தாறாம் வருஷ நோட்டுல நடுவுல ரெண்டு பக்கம் காலியா இருக்குமாமே மேடம், அதுல இந்தப் பதினாலையும் உங்க கையெழுத்துல எழுதிடச் சொன்னார் சார்’ என்றார். பேனா அவரே கொண்டுவந்திருந்தார். பழைய நிறத்தில் மைப்புட்டியும். நோட்டை மட்டும் நான் கொடுத்தால் போதும் என்கிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பரம்பரை என்றதும் உன் மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். நம் அப்பா முப்பது ஆட்டுக்குச் சொந்தக்காரர், அதில் பாதி ஆடு அடுத்தவருடையது, வாரத்துக்கு வளர்க்க வாங்கினது. யாளி முகம் போட்ட கைப்பிடி நம் வீட்டில் எதை இழுத்துத் திறக்க, ஆட்டுப்பட்டியையா. குத்துவாள் யாரைக் குத்த. நம் வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் தழை வெட்டுகிற தொரட்டி, அதையும் பக்கத்து வீட்டில்தான் இரவல் வாங்குவோம். இதை உன் பதிவு ஆபீசில் சொல்லிக்கொள்ள உனக்கு வெட்கமாக இருந்தால், ராஜா வீட்டில் பிறக்கவில்லை என்று அப்பாவிடம் போய்ச் சண்டை போடு.

சரி, சாமானைப் போட்டோ எடுக்கவேண்டும் என்று பெட்டியைத் திறந்தார். மேலே வைக்கோல். அதன் கீழே துணியில் சுற்றி ஒன்று இருந்தது. அதை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்து, ‘இதுதான் மேடம் மாஸ்டர் பீஸ். பதிமூணாம் நூற்றாண்டு வெண்கல வேல். பாண்டியர் காலத்துப் படைக்கலம். இந்தப் பச்சையைப் பாருங்க, எழுநூறு வருஷம் மண்ணுல இருந்தாத்தான் இது வரும்’ என்றார்.

நான் பச்சையைப் பார்க்கவில்லை. வேல் இலையின் அடிப்பக்கம் இடது ஓரத்தில் பருப்பளவு ஒரு பள்ளம் இருந்தது, அதைப் பார்த்தேன். வார்ப்பில் காற்று அடைத்துக்கொண்டு விழுந்த பள்ளம். ஆசாரியிடம் நான் சண்டை போட்ட பள்ளம்.

முற்றத்து ஓரத்தில் செவந்தி எழுந்திருந்தாள். புளிக் கையைக் குழாயடியில் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, தூரத்தில் நின்றபடியே வேல் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.  திரும்பப் போய் உட்கார்ந்து கொட்டை எடுத்தாள்.

எழில், அது நம் கம்மாக்கரைக் கருப்பர் கோயில் வேல்.

நீ பெரிய படிப்புப் படித்தவன், மறந்திருப்பாய், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். எண்பத்தாறில் உனக்கு ஏழு வயது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அம்மா போய் மூன்று வருஷம். உனக்கு டைபாய்டு வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாய். பன்னிரண்டாம் நாள் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா வெளியே வந்து பீடி பற்றவைத்தார். நான் என் சேலைத் தலைப்பில் இருந்த பத்துப் பைசாவை மஞ்சள் துணியில் முடிந்து உன் கையில் கட்டினேன். இவன் எழுந்து நடந்தால் என் சீர்ப் பானையை உருக்கி உனக்கு வேல் வைக்கிறேன் கருப்பா என்று வேண்டிக்கொண்டேன். என்னிடம் இருந்த ஒரே பெரிய சாமான் அந்த வெண்கலப் பானைதான். நீ எழுந்து நடந்தாய்.

பானையை வேலாக வார்த்து, மரக்காம்பு இறக்குவதற்கு முன்னால், உன் கையிலிருந்து அவிழ்த்த முடிச்சை அப்படியே வேலின் அடியில் காம்பு செருகுகிற குழலுக்குள் போட்டேன். அதற்கு மேல்தான் ஆசாரி காம்பை அடித்து இறுக்கினார். உண்டியலில் போட்டால் எண்ணி எடுத்துவிடுவார்கள், இதற்குள் போட்டால் சாமிக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தேன். இருபத்தோரு வயதுப் புத்தி. கோயிலுக்கு எடுத்துப்போன அன்று உன்னால் கம்மாக்கரை வரை நடக்க முடியவில்லை. உன்னைத் தோளில் தூக்கி வந்தது மூக்கன்.

இதை ரகுநாத்திடம் சொன்னேன். ‘அப்படியெல்லாம் ஒரே மாதிரி நிறைய இருக்கும் மேடம்’ என்றார். காம்பு ஒடிந்து குழலுக்குள் கட்டை அடைத்துக்கொண்டிருந்தது. உன் மச்சான் திருப்புளியும் சுத்தியலும் எடுத்துவந்து உட்கார்ந்தார். ரகுநாத் பதறிப்போய், அது ஒரிஜினல் மரம், எழுநூறு வருஷத்து மரம், கை வைக்காதீங்க என்று தடுத்தார். உன் மச்சான், ‘எழுநூறு வருஷமா கரையான் அரிக்காத வேங்கை மரத்தெ நானும் பாக்கணும்ல’ என்று சொல்லிக்கொண்டே குத்தி எடுத்தார். மரம் தூளாக வந்தது. கடைசியில் கறுத்துப்போன ஒரு துணி முடிச்சு விழுந்தது. தொட்டதும் துணி பொடிந்துவிட்டது. உள்ளே காசு. ஓரம் வளைவு வளைவாக இருக்குமே, அந்த அலுமினியப் பத்துப் பைசா. 1984 என்று போட்டிருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உன் மச்சான் ரகுநாத்திடம் மரியாதையாகக் கேட்டார், ‘ஏங்க, பாண்டியர் காலத்துலயே பத்துப் பைசா செல்லுபடியாச்சுங்களா.’

 ரகுநாத் அதற்கு என்ன சொன்னார் என்று நினைக்கிறாய். ‘அந்தக் காசை எடுத்துட்டா பீஸ் கிளீன் மேடம். யாருக்கும் தெரிய வேணாம். அந்தம்மாவை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க’ என்று செவந்தியைக் காட்டினார். உன் ஆளின் யோக்கியதை அவ்வளவுதான். யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு ‘ஒரு பார்ட்டி’ என்றார். எந்தப் பார்ட்டி என்றதும் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார். மைப்புட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், அதுவும் நோட்டில் ஏறியிருக்கிறது.

அவர் போன பிறகு கடைத் தராசை எடுத்துவரச் சொல்லி வேலின் எடை பார்த்தேன். எண்பத்தாறு நோட்டில் ‘வெண்கலப் பானை 1, கருப்பர் வேலுக்கு, 3 கிலோ 150, ஆசாரி சேதாரம் 250’ என்று இருக்கிறது. தராசில் 2 கிலோ 880 காட்டியது. இருபது கிராம் குறைவு. இத்தனை வருஷம் நுனியில் எலுமிச்சம்பழம் குத்திக் குத்தித் தேய்ந்திருக்கும்.

உன் பச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிறுப்பதற்கு முன்னால் ஈரத்துணியால் ஒரு ஓரம் துடைத்தேன். துணியோடு வந்துவிட்டது. எழுநூறு வருஷம் ஈரத்துணிக்குத் தாங்கவில்லை. என் வீட்டு விளக்கில் ஒரு மாதம் துலக்காமல் விட்ட களிம்பே இதைவிட ரோஷமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது மூக்கன் விஷயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் கோயிலில் வேல் காணாமல் போனது. பூட்டு உடையவில்லை, சாவி மூக்கனிடம் இருந்தது. ஊர்க்கூட்டம் போட்டுப் பூசையை அவனிடமிருந்து வாங்கி அய்யாக்கண்ணு கையில் கொடுத்தார்கள். உன் மச்சானும் அந்தக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வந்தவர்தான். மூக்கன் இப்போது விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். மற்றவன் சொத்துக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருக்க நம்புகிறார்கள், நம் ஊர்தான் நம்பவில்லை. இதெல்லாம் உனக்கு நான் அப்போதே போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. ‘பூசாரிங்களே இப்படித்தாங்க்கா, வித்துருப்பான்’ என்றாய்.

நானும் அதைத்தான் நம்பினேன். அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. நான் நேர்ந்து வைத்த வேலை மூக்கன் விற்றுவிட்டான் என்று நம்பினேன். திருவிழாப் பொங்கலுக்கு அவன் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற அரிசியை நிறுத்தினேன். செவந்தி வேலைக்கு வரும் நாளெல்லாம் முற்றத்தோடு சரி, உள்ளே விடுவதில்லை. அவள் போன பிறகு பாத்திரத்தை எண்ணுவேன். எண்ணினதை எழுதியும் வைத்திருக்கிறேன். ‘செவந்தி வந்து போனது. தம்ளர் 12, சரி.’ ‘செவந்தி. தூக்கு 3, கரண்டி 8, சரி.’ இந்த மூன்று வருஷத்தில் நாற்பத்தோரு தடவை இருக்கிறது. நாற்பத்தோரு தடவையும் சரியாக இருந்தது. திருட்டுப் போன சாமான் என் தலைக்கு மேலே பரணில் படுத்திருக்க, கீழே நான் தம்ளர் எண்ணிக்கொண்டிருந்தேன். உன்னைக் கேவலமாக எழுதுகிற இந்தக் கை அதையும் எழுதின கைதான்.

அன்று சாயங்காலமே நானும் உன் மச்சானும் மூக்கன் வீட்டுக்குப் போனோம். அவன் டூட்டிக்குக் கிளம்பி, காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். செவந்தி அதற்குள் சொல்லியிருந்தாள். திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. ‘படுக்க வச்சிருந்தீங்களா ஆத்தா, நிக்க வச்சிருந்தீங்களா’ என்று மட்டும் கேட்டான். பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தது என்றேன்.  ‘மூணு வருசமா அவரு படுத்த படுக்கையாக் கெடந்திருக்காரு’ என்று செவந்தியிடம் சொன்னான், எங்களிடம் சொல்லவில்லை.

வேலை நீயே எடுத்துப்போய்க் கோயிலில் வை மூக்கா என்றார் உன் மச்சான். அவன் மாட்டேன் என்றுவிட்டான். ‘எம் மேல பழி கெடக்கு. என் கையால கொண்டாந்து வச்சா, பயந்துக்கிட்டு அவனே திருப்பி வச்சுட்டாம்பாங்க. நீங்க வச்சா, சொந்தத் தம்பியெக் காப்பாத்த ஒளிச்சுக் கொண்டாந்தாங்கம்பாங்க. காசு குடுத்து வாங்குனவரு வந்து, இன்னார்கிட்ட வாங்குனேன், பூசாரி கொடுக்கலைன்னு எல்லாரு முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்’ என்றான். யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் நியாயம். கிளம்பும்போது செவந்தி, ‘நாளைக்குப் புளி மிச்சம் இருக்குல்ல ஆத்தா, வந்துர்றேன்’ என்றாள். சொன்னபடியே மறுநாள் வந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வெளியேதான் காற்று வருகிறது என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை நீ போன் செய்தாய். ரகுநாத் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று உன் குரலிலேயே தெரிந்தது. ‘எமோஷனல் ஆகாதக்கா. புதுசா ஒண்ணுக்கு ரெண்டு வேல் செஞ்சு பாலிஷ் போட்டு அனுப்புறேன், கோயிலுக்கு அதெ வச்சுரு. இந்தப் பீஸெ விட்டுரு, இதெ காட்டலாகுல போட்டுட்டேன். நோட்டுல மத்ததெ மட்டும் எழுதிக் குடு’ என்றாய். பீஸ் என்ற சொல்லை அதற்கு முன்னால் நான் கறிக்கடையில்தான் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். பயந்துபோய் வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

எண்பத்தாறு நோட்டில் அந்த இரண்டு பக்கம் ஏன் காலி என்று உனக்குத் தெரியாது. காலியாக இருப்பது மட்டும் தெரிந்திருக்கிறது, அதை ரகுநாத்துக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் தெரிந்திருக்கிறது. நான் நோட்டு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எழுதாமல் விட்டது அந்தப் பத்தொன்பது நாள்தான். நான் உன் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தேன். வீட்டில் என்ன பாத்திரம் வந்தது, என்ன போனது என்று பார்க்க ஆள் இல்லை. திரும்பி வந்து நோட்டைத் திறந்தபோது அந்த நாளுக்கெல்லாம் எதையாவது நிரப்பி எழுத மனசு வரவில்லை. இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று இரண்டு பக்கம் தள்ளி எழுத ஆரம்பித்தேன். அந்த இடத்தில்தான் உன் யாளியையும் கிளியையும் ஏற்றச் சொல்கிறாய்.

ஏற்ற மாட்டேன். இந்த வருஷ நோட்டில் என்ன ஏற்றியிருக்கிறேன் என்று அப்படியே எழுதுகிறேன்: ‘பெட்டி 4 திறந்தது. கருப்பர் வேல் 1. உள்ளே காசு 1. இருந்தவர் நால்வர்.’ மற்ற பதின்மூன்றிலும் யார் வீட்டு வேண்டுதல் அடைத்துக்கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதுதான் உன் சேகரிப்பு. அவற்றைப் பதிவு செய்கிற ஆபீசில் நீயே நேரில் கொண்டுபோய், வாங்கின கதையை வாங்கின மாதிரியே சொல்லி ஒப்படை. என் பரணில் இனி முறுக்குச் சட்டி மட்டும்தான் இருக்கும்.

ஒன்று கேட்கவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

வேல் உன் கைக்கு வந்த புதிதில் நீ எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாய். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் அதைப் பிடித்திருந்தாய். அன்று நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன், இளைத்திருந்தாய், சுகுணாவைக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கையில் இருந்ததைப் பார்க்கவில்லை. இப்போது பெரிது பண்ணிப் பார்த்தேன். உன் கட்டைவிரலுக்கு மேலேயே அந்தப் பருப்பளவு பள்ளம் தெரிகிறது.

நீ பத்தாவது படிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் அந்த வேலில் எலுமிச்சம்பழம் குத்தினவன். அந்தப் பள்ளத்தில் குங்குமம் அடைத்து விளையாடி மூக்கனிடம் காதில் திருகு வாங்கினவன். உனக்குத் தெரிந்துதான் வாங்கினாயா, தெரியாமல் வாங்கினாயா.

தெரியாமல் வாங்கினாய் என்றால், எழில், உன்னை மாதிரி ஒரு முட்டாள் இந்த ஜில்லாவில் பிறந்ததில்லை. நானூறு வருஷத்தையும் எழுநூறு வருஷத்தையும் தொட்டுப் பார்த்துச் சொல்கிறவனுக்குத் தன் உயிருக்கு வைத்த வேல் அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பாண்டியர் பெயரைச் சொல்லி ஒருத்தன் தலையில் கட்டியிருக்கிறான், நீயும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறாய். ஊர் சிரிக்கும். உன் மச்சான் சாகிற வரைக்கும் சிரிப்பார். சிரிக்கட்டும். முட்டாள் தம்பியை வைத்துக்கொண்டு நான் இந்தத் தெருவில் நடந்துவிடுவேன். இன்னொன்றாக இருந்தால் எப்படி நடப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சித்திரை நாலாம் தேதி கருப்பர் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. அன்று காலையில் ஊர்க்காரர்கள் கோயிலில் இருப்பார்கள். வந்து நில். மூக்கன் முன்னால் நில். யாரிடம் வாங்கினாய் என்று ரகுநாத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல். வேலைச் சாமி அறையில் நெல் கொட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன், படுக்க வைக்கவில்லை. காசை ஒரு புது மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். அதைத் திரும்பக் குழலுக்குள் போடவேண்டியவன் நீ.

இந்தத் தடவை மாவடு கொடுத்துவிடவில்லை. போட்டிருக்கிறேன், ஜாடியில் ஊறுகிறது. வந்தால் சாப்பிடலாம்.

கருப்பர் உன்னை ஒரு தடவை பிழைக்க வைத்தார். இன்னொரு தடவையும் வைக்கட்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறேன். சுகுணாவுக்கு என் ஆசீர்வாதம்.

நான் முட்டாள்தான் என்று ஒரு வரி எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா
செல்வராணி ஆண்டிச்சாமி